புகைக்குச் சாகாத கொசுவும் பத்துமலைப் பல்லியும்: பரிணாமத்தை எப்படி ஆராய்கிறார்கள்?

டிங்கிக் காய்ச்சல் கண்ட வட்டாரத்தில் புகை அடிக்க ஆள் வருவது கோலாலம்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. தோளில் கருவியை மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறுவார்கள். நாம் சோற்றுப் பானையை மூடிவைத்து, கதவு ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுக் கீழே போய் நிற்போம். மறுநாள் மாலையே கணுக்காலில் கடி. "இந்தக் கொசுவுக்கெல்லாம் மருந்து பழகிப்போச்சு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார்.

அவர் சொல்வதில் பாதி சரி. புகை பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். பூச்சாடித் தட்டில் நெளியும் புழுவை அது ஒன்றும் செய்யாது என்பதால், மறுநாள் கடித்தது புதிதாக இறக்கை முளைத்து வந்த கொசுவாகவும் இருக்கலாம். அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும், டிங்கியைப் பரப்பும் இங்குள்ள ஏடிஸ் கொசுக்களில் பல இந்த மருந்துக்குச் சாவதில்லை என்பது ஆய்வகத்தில் பலமுறை உறுதியான செய்தி. ஆனால் எந்தக் கொசுவும் மருந்துக்குப் பழகிக்கொள்ளவில்லை. அதன் ஆயுளே சில வாரங்கள். மருந்து பட்டால் சாகும், இல்லையென்றால் பிழைக்கும், அவ்வளவுதான். பிழைத்தது பிறக்கும்போதே வேறு மாதிரி இருந்த கொசு.

சரி, வேறு மாதிரி என்றால் எப்படி? புகையில் பெரும்பாலும் கலக்கப்படுவது பைரித்ராய்டு வகை மருந்து. கொசுவின் நரம்பில் சோடியம் உள்ளே போக ஒரு கதவு உண்டு. அது திறந்து உடனே மூடினால்தான் நரம்பு ஒழுங்காக வேலை செய்யும். மருந்து போய் அந்தக் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு ஓயாமல் துடிக்க, கொசு கால் உதறிக் கீழே விழுகிறது. அந்தக் கதவைக் கட்டும் புரதத்தில் 1534-ஆவது இடத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறிப் பிறந்த கொசுக்கள் உண்டு. அவற்றில் மருந்து சரியாகப் பிடிக்காது. மருந்தே இல்லாத ஊரில் இந்த மாற்றத்தால் கொசுவுக்கு ஒரு லாபமும் இல்லை. வாரம் தவறாமல் ஸ்பிரே அடிக்கும் ஊரில் அதுதான் உயிர். மற்றவை செத்துப்போக, இது முட்டையிடுகிறது. பிள்ளைகளில் பல அதே கதவோடு பிறக்கின்றன. பத்துப் பதினைந்து தலைமுறை கழிந்தால் அந்தத் தாமானில் (குடியிருப்பில்) உள்ள கொசுக்கூட்டத்தின் முகமே வேறு. கொசுவுக்குப் பத்துத் தலைமுறை என்பது நமக்கு ஒரு வருடம்கூட இல்லை.

பரிணாமம் என்று உயிரியலார் சொல்வது இதைத்தான்: ஒரு கூட்டத்துக்குள் பரம்பரையாக வரும் வேறுபாடுகளின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. மாறுவது கூட்டம், தனிக் கொசு அல்ல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். கூட்டத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்க வேண்டும். அந்த வேறுபாடு பிள்ளைக்குப் போக வேண்டும். அது பிழைப்பதையோ பிள்ளை பெறுவதையோ கொஞ்சமாவது பாதிக்க வேண்டும். மூன்றும் இருந்தால் இயற்கைத் தேர்வு நடந்தே தீரும். யாரும் திட்டமிட வேண்டியதில்லை. ஒன்று இல்லாவிட்டாலும் நடக்காது.

இதைப் படிப்பதைவிட, எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குச் சுவை. முதலில் முட்டைப் பொறி. பெயர்தான் பெரிது, கறுப்பு பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் கொஞ்சம் தண்ணீர், ஓரத்தில் சாய்த்து வைத்த ஒரு சொரசொரப்பான மரத்தட்டை. ஏடிஸுக்கு இருட்டான, ஈரமான ஓரம் பிடிக்கும். சில நாளில் தட்டையில் மிளகுத்தூள் ஒட்டியதுபோல முட்டைகள். தட்டையை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், உலர்த்தி, மறுபடி நீரில் போட்டால் புழு வெளியே வரும். அதை வளர்த்துக் கொசுவாக்குவார்கள்.

மூன்று முதல் ஐந்து நாள் வயதான, இன்னும் இரத்தம் குடிக்காத பெண் கொசுக்கள் இருபதோ இருபத்தைந்தோ ஒரு குழாயில் அடைக்கப்படும். அதன் உட்சுவரில் மருந்து தோய்த்த தாள். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த முறையில் மருந்துக் குழாய்க்குச் சிவப்புப் புள்ளி, மருந்தில்லாத குழாய்க்குப் பச்சைப் புள்ளி. இரண்டுக்கும் நடுவில் இழுத்துத் திறக்கும் ஒரு தகடு. கொசுவை மெதுவாக ஊதிச் சிவப்புக் குழாய்க்குள் அனுப்பி, ஒரு மணி நேரம் கழித்துப் பச்சைக் குழாய்க்குத் திருப்பி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை மேலே வைத்துவிட்டு, 24 மணி நேரம் கழித்துச் செத்ததை எண்ணுவார்கள். 98 சதவீதமும் அதற்கு மேலும் செத்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். 90-க்குக் கீழே போனால் எதிர்ப்பு வந்துவிட்டது. பக்கத்தில் வெறும் எண்ணெய் தோய்த்த தாளோடு இன்னொரு குழாயும் இருக்கும். அதிலும் கொசு செத்தால் குற்றம் மருந்துடையது அல்ல, கையாண்டவருடையது. வருடக்கணக்கில் மருந்தே காட்டாமல் ஆய்வகத்திலேயே வளர்த்த ஒரு பழைய கொசு வம்சத்தையும் ஒப்பிடுவதற்காகச் சோதிப்பார்கள். அவை பெரும்பாலும் மொத்தமாக விழும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சோதனைக் குழாய்க்குள் போகும் கொசுக்கள் முட்டையிலிருந்தே ஆய்வகத்தில் வளர்ந்தவை. ஒரு நாளும் புகையை மோந்ததில்லை. அப்படியிருந்தும் சாகவில்லை என்றால், பழக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தாயிடமிருந்து வந்த சொத்து அது. இடத்தால் வந்த வேறுபாடா, பிறப்பால் வந்த வேறுபாடா என்று பிரித்துப் பார்க்க உயிரியலார் செடியிலும் மீனிலும் பூச்சியிலும் கையாளும் முறை இதுதான்: வெவ்வேறு இடத்துப் பிள்ளைகளை ஒரே இடத்தில், ஒரே தீனியில் வளர்த்து, வேறுபாடு நிற்கிறதா மறைகிறதா என்று பார்ப்பது. நின்றால் அது பரம்பரை.

மாற்றம் மருந்துக்கு முன்பே இருந்ததா, மருந்து பட்டதால் வந்ததா என்ற கேள்வியும் பழையது. 1943-இல் லூரியா, டெல்ப்ரூக் என்ற இருவர் பாக்டீரியாவை வைத்து அதற்கு விடை கண்டார்கள். ஒரே மாதிரி பாக்டீரியா வளர்த்த பல குழாய்களில் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸை விட்டபோது, சிலவற்றில் பிழைத்தவை ஒன்றுமில்லை, சிலவற்றில் ஏராளம். வைரஸ் பட்ட பிறகுதான் மாற்றம் வருகிறது என்றால் எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே அளவு பிழைத்திருக்க வேண்டும். ஆகவே மாற்றம் முன்னாடியே, தற்செயலாக வந்துவிடுகிறது. முன்னாடி வந்த குழாயில் குடும்பம் பெருகியிருக்கிறது.

கொசு எப்படித் தப்பிக்கிறது என்பதைத் துருவ இன்னொரு வழி உண்டு. நரம்புக் கதவு மாறுவது ஒரு வழி என்றால், மருந்தை உடைத்துப்போடும் நொதிகளை உடம்பில் அதிகமாகச் சுரப்பது இன்னொரு வழி. எது என்று தெரிய, அந்த நொதிகளை முடக்கும் பைபெரோனைல் பியூடாக்சைடு என்ற பொருளை முதலில் காட்டிவிட்டு, பிறகு மருந்தைக் காட்டுவார்கள். இப்போது செத்தால் திருடன் நொதி. அப்போதும் சாகாவிட்டால் கதவைச் சந்தேகிக்க வேண்டும். மரபணுவைப் படித்துப் பார்த்து உறுதி செய்வார்கள். பல ஊர்க் கொசுக்களில் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

இது கண்முன்னே நடக்கும் பரிணாமம். எல்லாம் இவ்வளவு சுலபமாகக் கைக்குள் வராது. ஒரு பிராணியைப் பார்த்தவுடன் "ஆகா, இதற்காகத்தான் இப்படி இருக்கிறது" என்று கதை கட்டுவது எளிது. அந்தக் கதையைச் சோதிப்பதுதான் வேலை. நம் காடுகளில் இருக்கும் ஆர்க்கிட் கும்பிடுபூச்சி இதற்கு நல்ல உதாரணம். குஞ்சுப் பருவத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும். தொடைகள் இதழ் மாதிரி அகன்றிருக்கும். பூவென்று நம்பி வரும் ஈயையும் தேனீயையும் பிடித்துத் தின்னத்தான் இந்த வேடம் என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுதிவந்தார்கள். படமும் பார்த்தோம், தலையும் ஆட்டினோம். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மலேசியாவுக்கு வந்து எண்ணினார்கள்; 2014-இல் முடிவு வெளியானது. பூச்சியின் நிறத்தைக் கருவியால் அளந்து, அங்கே பூக்கும் பூக்களின் நிறத்தோடு ஒப்பிட்டார்கள். நம் கண்ணுக்குத் தெரிவதை வைத்து அல்ல. தேனீக்கு ஊதாக்கடந்த ஒளி தெரியும், நமக்குத் தெரியாது. ஆகவே தேனீயின் கண் எப்படிப் பார்க்குமோ அப்படிக் கணக்கிட்டார்கள். பிறகு காட்டில் ஒரு குச்சியில் கும்பிடுபூச்சி, பக்கத்துக் குச்சியில் ஒரு பூ, இன்னொன்று வெறும் குச்சி. எத்தனை பூச்சி எதை நோக்கிப் பறந்துவருகிறது என்று உட்கார்ந்து குறித்தார்கள். பூவைவிடக் கும்பிடுபூச்சியைத் தேடி வந்தவைதான் அதிகம்! இன்னொரு வேடிக்கை, அது எந்த ஆர்க்கிட்டையும் அச்சாகப் போலச் செய்யவில்லை. பொதுவாக ஒரு பூ மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். பூவுக்குள் ஒளிந்திருக்க வேண்டியதுகூட இல்லை, இலைமேல் சும்மா உட்கார்ந்தாலே போதும். அப்படியென்றால் பறவையிடமிருந்து தப்பிக்கவும் இந்த வேடம் உதவுகிறதா? உதவலாம். அது வேறு கேள்வி, அதற்கு வேறு சோதனை வேண்டும். தகவமைப்பு, அதாவது ஒரு பயன் தந்ததால் தேர்வில் நிலைத்த குணம், என்ற சொல்லை உயிரியலார் கொஞ்சம் கஞ்சத்தனமாகப் பயன்படுத்துவது இதனால்தான்.

வாலஸைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து முன்வைத்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1854 முதல் 1862 வரை நம் பக்கத்துத் தீவுகளில்தான் சுற்றினார். ஒவ்வொரு உயிரினமும் தனக்கு நெருங்கிய வேறொரு உயிரினம் இருந்த இடத்திலும் காலத்திலும்தான் தோன்றுகிறது என்ற அவர் கட்டுரை 1855-இல் சரவாக்கில் எழுதப்பட்டது. பள்ளியில் டார்வின் பெயரை மட்டும் சொல்லிக்கொடுப்பது, அதிலும் மலேசியாவில், எனக்கு எப்போதும் ஒரு குறை.

வாலஸ் சொன்ன அந்த இடமும் காலமும் கோலாலம்பூரை அடுத்த பத்துமலையில் நன்றாகத் தெரியும். தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கில் நாம் ஏறி இறங்கும் அந்தச் சுண்ணாம்புக் குன்றில், வேறெங்கும் இல்லாத ஒரு பல்லி இருப்பதை 2014-இல்தான் விவரித்து, சிர்டோடாக்டைலஸ் மெட்ரோபொலிஸ் என்று பெயர் வைத்தார்கள். வளைந்த விரல்கள் கொண்ட, பழுப்பும் கறுப்புமான பாறைப் பல்லி. முதுகெலும்புள்ள உயிர்களில் பத்துமலைக்கு மட்டுமே சொந்தமானது இது ஒன்றுதான். இவ்வளவு கூட்டத்துக்கு நடுவே இத்தனை காலம் அதற்குப் பெயரில்லாமல் இருந்திருக்கிறது.

புது இனம் என்று எப்படி முடிவுகட்டுகிறார்கள்? முதலில் பொறுமையான எண்ணும் வேலை: விரலடியில் எத்தனை செதில், முதுகில் எத்தனை வரிசைப் புடைப்பு, வால் பட்டை எப்படி. அப்புறம் மரபணு. இந்தப் பல்லிக் குடும்பத்தில் வழக்கமாக மைட்டோகாண்டிரியாவில் (உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் சிறு உறுப்பு) உள்ள ஒரு மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்து, மற்ற குன்றுகளின் பல்லிகளோடு வைத்துப் பார்ப்பார்கள். பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் மாற்றங்களை வைத்து யார் யாருக்கு நெருங்கிய உறவு என்று வம்சமரம் வரையலாம். எவ்வளவு மாற்றம் சேர்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பிரிந்த காலத்தைத் தோராயமாக மதிப்பிடலாம். தோராயம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த எண்கள் பெரிய இடைவெளியோடுதான் வரும்.

சுண்ணாம்புக் குன்றில் வாழும் பல உயிர்களுக்குச் சுற்றியுள்ள சமவெளி ஒரு கடல். நத்தைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும்; செம்மண்ணில் அது கிடைக்காது. எனவே தீபகற்பத்தின் குன்றுகளில் குன்றுக்கொரு குறுநத்தை இருப்பதுண்டு. சில ஒரு குன்றுக்கு வெளியே எங்குமே கிடையாது. குன்றை உடைத்துச் சிமெண்டுக்குக் கொண்டுபோனால் அந்த இனம் முடிந்தது.

ஆனால் இரண்டு குன்றின் உயிர்கள் வேறுபட்டிருப்பதாலேயே ஒவ்வொன்றும் தன் குன்றுக்குத் தகவமைந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. கூட்டம் சின்னதாக இருக்கும்போது, எந்த லாபமும் தராத மாற்றம்கூட வெறும் அதிர்ஷ்டத்தில் எல்லோருக்கும் பரவிவிடும். மழையில் ஒரு பாறை சரிந்து பத்துப் பல்லியில் எட்டு செத்தால், பிழைத்த இரண்டின் நிறமே நாளைய நிறம். அந்த நிறத்தால் அவை பிழைக்கவில்லை. இதை மரபுப் பெயர்ச்சி என்பார்கள். புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். பரிணாமம் எல்லாம் தேர்வு அல்ல.

பத்துமலையின் இருட்டுக் குகையில் இன்னொரு பிரபலம் உண்டு, லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்ற சிலந்தி. வயிற்றின்மேல் வளையம் வளையமாகத் தட்டுகள் தெரியும். மற்ற சிலந்திகள் பெரும்பாலும் அவற்றை இழந்துவிட்டன. பட்டுநூல் குழாயில் கதவு போட்டு உள்ளே இருந்துகொண்டு, வாசலிலிருந்து சில நூல்களை வெளியே நீட்டி வைத்திருக்கும். நூலைத் தட்டினால் இரை. இது மிகப் பழைய கிளையின் வாரிசு என்பதால் வாழும் புதைபடிவம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. உடலமைப்பில் பழசு தங்கியிருக்கிறது, சரி. ஆனால் அதன் மரபணு சும்மா இருந்திருக்காது, நம்முடையதுபோலவே மாறிக்கொண்டுதான் வந்திருக்கும்.

பத்துமலைப் படிக்கட்டில் வாழைப்பழத்தைப் பறிக்கும் குரங்கைப் பற்றியும் கேட்பார்கள்: "மனுஷங்களோட இருந்து இருந்து இதுவும் பரிணாமம் ஆயிடுச்சா?" இல்லை. பிளாஸ்டிக் பை சலசலத்தால் தீனி என்பதைக் குட்டி தாயைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. பாலித் தீவின் உளுவாத்து கோயிலில் உள்ள குரங்குகள் ஒருபடி மேலே போய், கண்ணாடியைப் பறித்துக்கொண்டு தீனி கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. தலைமுறை தாண்டிப் போகிறதுதான், ஆனால் மரபணு வழியாக அல்ல. கற்றுக்கொள்ளும் மூளை பரிணாமத்தில் வந்தது. பழம் பறிக்கும் வித்தை கற்றது.

பரிணாமம் என்றால் முன்னேற்றம் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. அதற்கு மறுப்பு பசிபிக் பெருங்கடலின் கலாபகஸ் தீவுகளில் இருக்கிறது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் டாப்னி மேஜர் என்ற குட்டித் தீவின் குருவிகளைக் காலில் வளையம் போட்டு, அலகை அளந்து, யார் யார் பிள்ளை என்று குறித்து வந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. மென்மையான சின்ன விதைகள் தீர்ந்து, நெருஞ்சி இனத்துச் செடியின் முள் விதைதான் மிச்சம். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். குருவிகளில் பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகு தடித்திருந்தது, அடுத்த தலைமுறைக்கும் அப்படியே. 1982-83-இல் எல் நீனோ மழை கொட்டித் தீர்க்க, சின்ன விதை மலிந்தது. இப்போது சின்ன அலகுக்கு யோகம். எந்த அலகும் முன்னேறிய அலகு அல்ல. அந்த வருடத்துக்குப் பொருந்தியது, அவ்வளவே.

கொசுவிலும் அப்படித்தான். மருந்து தொடாமல் பல தலைமுறை வளர்த்த சில ஆய்வுகளில், எதிர்ப்பு மரபணுவின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. மருந்தில்லாத உலகில் அந்த மாற்றம் சுமை. மருந்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்தச் சொல்வதன் பின்னணி இதுதான்.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், வோல்பாக்கியாவைக் காட்டலாம். பல பூச்சிகளின் உடலில் இயல்பாகவே வாழும் பாக்டீரியா இது. டிங்கியை முக்கியமாகப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இயல்பாக இல்லை. செலுத்தினால் அதன் உடம்பில் டிங்கி வைரஸ் பெருகுவது குறைகிறது. பாக்டீரியா உள்ள ஆண் கொசு, இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பாக்டீரியா உள்ள பெண்ணின் முட்டைகளோ பொரிக்கும், குஞ்சுகளிலும் பாக்டீரியா இருக்கும். ஆகவே வளர்த்து விட்டால் தானே பரவும். இதையே பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவில் 2014-இல் செய்தபோது முதலில் பரவி, பிறகு சரிந்துவிட்டது. காரணத்தைத் தேடினால், விட்ட கொசுக்கள் ஆய்வக வம்சம்; மருந்துக்குச் சாகக்கூடியவை. ஊர்க்கொசு சாகாது. வீட்டுக்கு வீடு ஸ்பிரே அடித்ததில் நல்ல கொசு செத்து, கெட்ட கொசு பிழைத்தது. பிறகு ஊர்க்கொசுவோடு கலப்பு செய்து, எதிர்ப்பு மரபணுவும் சேர்ந்த வம்சத்தை விட்டபோதுதான் நிலைத்தது. மருந்துக்குச் சாகாத கொசுவை வேண்டுமென்றே வளர்த்து ஊருக்குள் விட வேண்டியிருந்தது!

கோலாலம்பூரிலும் சுற்றுப்புறத்திலும் விட்டபோது இன்னொரு சிக்கலையும் யோசிக்க வேண்டியிருந்தது, வெயில். தகரம், டயர், வாளியில் தேங்கிய தண்ணீர் நண்பகலில் கொதிக்கும். சில வகை வோல்பாக்கியா அந்தச் சூட்டில் புழுவின் உடம்பிலிருந்து மறைந்துவிடும். ஆகவே ஆசியப் புலிக்கொசுவிலிருந்து எடுத்த, சூடு தாங்கும் வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி சில இடங்களில் அது உயர்ந்த விகிதத்தில் நிலைத்தது, சில இடங்களில் இறங்கியது. விட்ட வட்டாரங்களில் டிங்கி சுமார் 40 சதவீதம் குறைந்தது. இப்போது அடுத்த கேள்வி வைரஸைப் பற்றியது. அதுவும் ஒரு கூட்டம், அதிலும் வேறுபாடு உண்டு, அதுவும் பரம்பரையாகப் போகும். ஆகவே வோல்பாக்கியாவை ஏமாற்றும் டிங்கி வைரஸ் எங்காவது தலைதூக்குகிறதா என்று ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.